மேடு இல்லாத தீவு

1

போன வாரம் கோமதியின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடம். பூகோளம் எடுக்கும் சிஸ்டர் நல்ல மனசுக்காரர். என்னை உட்காரவைத்து, ஒரு தாளை மேசைமேல் விரித்தார்.

"உங்கள் மகள் நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் இந்தப் படத்தைத் திருத்தச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்" என்றார்.

இந்தத் தேசத்துத் தீவுகளில் ஏதாவது ஒன்றை வரையும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறார். கோமதி, தெற்கே வெகு தூரத்தில் கிடக்கும் ஒரு பவளத் தீவை வரைந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த அரசாங்கப் படத்தில் அந்தத் தீவு வால் நீண்ட மீன் போல இருந்தது. கோமதியின் தாளில் வால் இல்லை. வால் இருக்கவேண்டிய இடத்தில் நீலத்தை அழுத்தி அழுத்திப் பூசியிருந்தாள்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாலின் மேல் நான் நடந்திருக்கிறேன். அங்கே ஒரு ஓலை வீடு இருந்தது. கோழிகள் இருந்தன.

"அவள் வரைந்ததுதான் சரி, சிஸ்டர். அந்த இடம் இப்போது இல்லை" என்றேன்.

சிஸ்டர் என்னை நம்பினாரா, தெரியவில்லை. என் மாமனார் பெயருக்கு முன்னால் ஒரு 'மிசஸ்' போட்டுக் கூப்பிட்டு, "நீங்கள் தண்ணீர் குடியுங்கள்" என்றார். இங்கே வந்து இறங்கிய அன்று குடியேற்ற ஆபீசில் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் வீட்டுக்காரர் தம் அப்பா பெயரைச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து வீட்டில் நான் வாயால் உச்சரிக்காத பெயரைச் சொல்லித்தான் ஊரே என்னைக் கூப்பிடுகிறது. அந்தப் பெயரை இங்கேயும் எழுத மனம் வரவில்லை. வீட்டுக்காரர் பெயரையும் எழுதப்போவதில்லை. தென்காசிக்காரர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

அந்த வாலைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஊருக்கு வந்திருந்தபோதும் சொல்லவில்லை. சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சீஷெல்ஸ் தீவில் ஜவுளிக்கடையில் வேலை என்றார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பூகோளத்தில் நல்ல மார்க் வாங்கிய எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து அட்லஸை வாங்கிவந்து தேடினேன். இந்துமகா சமுத்திரத்தின் நடுவில், பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே, ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி சில புள்ளிகள். அதைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அப்பா அதைக் கல்யாண அலைச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைக்கச் சொன்னார்.

தென்காசியில் பிறந்தவளுக்குக் கடல் என்றால் படத்தில் நீலமாக இருப்பது. மேற்கே பார்த்தால் மலை. தெருவில் எந்த மூலையில் நின்றாலும் மலை எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியும். பம்பாயில் கப்பல் ஏறிய மறுநாள் காலை மேல்தளத்துக்கு வந்து சுற்றிலும் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் ஒன்றுமில்லை. கால் தரையில் ஒட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். சீஷெல்ஸின் பெரிய தீவான மாஹே தெரியும்வரை அறையைவிட்டு நான் வெளியே வரவில்லை.

மாஹே தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"ஏட்டி, வெளிய வந்து பாரு. நம்ம குத்தாலத்த அப்படியே பேத்துக் கொண்டாந்து கடலுக்குள்ள வச்சிருக்கான்."

பொய் சொல்லவில்லை. கரும்பாறை மலை. உச்சியில் மேகம். பாறை இடுக்கில் வெள்ளிக்கம்பி போல நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். மலை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இந்தத் தேசத்தில் தீவுகள் இரண்டு ஜாதி. மாஹேயும் அதைச் சுற்றி உள்ளவையும் பாறைத் தீவுகள். மலையும் ஓடையும் மண்ணும் உண்டு. இன்னொரு ஜாதி வெகு தொலைவில் சிதறிக் கிடப்பவை. கடல் பூச்சிகள் கட்டிய பவளத்தின் மேல் மணல் ஒதுங்கி, அதன் மேல் தென்னை முளைத்தவை. அவற்றில் மலை இல்லை. ஓடை இல்லை. மாஹேக்காரர்களே அந்தப் பக்கம் போவதென்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

காற்றும் இரண்டு. நவம்பர் தொடங்கி வடமேற்குக் காற்று, மழையும் புழுக்கமும். மே தொடங்கித் தென்கிழக்குக் காற்று. இந்தத் தென்கிழக்குக் காற்றுதான் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திரும்பி, கடல் முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டு, நம் மலையில் போய் முட்டிச் சாரலாக விழுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஆனி மாதம் இங்கே துணி காயப்போடும்போதெல்லாம், இந்தக் காற்று நாலைந்து நாளில் அக்கா வீட்டுக் கொடியில் கிடக்கும் துணியை நனைக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

கோமதி மாஹேயில்தான் பிறந்தாள்.

3

கோமதி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், கடை முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்பினார். என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடைத்தது பவளத் தீவு ஒன்றில். தென்னந்தோப்புக்காரர்கள் அங்கே கூலியாட்களுக்காக ஒரு கடை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"நான் மட்டும் போயிட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருங்க" என்றார்.

"நீங்க இல்லாம இந்த ஊர்ல நான் யாருகிட்டப் பேசுவேன்?" என்றேன். தனியாக இருக்கப் பயந்துதான் பாய்க்கப்பல் ஏறினேன்.

முதலில் தெரிந்தது தீவு இல்லை. மரங்கள். தண்ணீரிலேயே வேர்விட்டு நிற்பது போலத் தென்னைகள். பக்கத்தில் போனபிறகுதான் அவற்றின் காலடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "இதுவா?" என்று கேட்டேன்.

மீன் போன்ற தீவு என்றேன் அல்லவா? உடம்புப் பகுதி தெற்கே. அங்கே கடை, தேங்காய் உலர்த்தும் கொட்டகை, கூலியாட்கள் வீடுகள். வடக்கே நீளமான மணல் வால். ஒரு பக்கம் பச்சைநிறத்தில் ஆழமில்லாத உள்கடல். அதைச் சுற்றிப் பவளத் திட்டு ஒரு மதில் மாதிரி. அந்த மதிலுக்கு வெளியே கருநீலமாகப் பெருங்கடல். மதிலில் அலை மோதும் சத்தம் பகலெல்லாம் கேட்கும். யாரோ வீட்டுக்கு வெளியே நின்று ஓயாமல் கூரையில் மண்ணை வாரி எறிகிற மாதிரி.

நான் முதலில் தேடியது மேட்டை. தீவு முழுதும் நடந்து பார்த்தேன். இருந்ததிலேயே உயரமான இடம் கடைக்குப் பின்னால் இருந்த மணல் திட்டு. அதன் மேல் நின்றால் கடையின் கூரை என் கண்மட்டத்துக்கு வரும். அவ்வளவுதான்.

கிணறு இன்னும் பயம். இடுப்பளவு தோண்டினாலே நல்ல தண்ணீர். ஆனால் கடல் ஏறும்போது கிணற்றுத் தண்ணீரும் ஏறும். கடல் வடியும்போது கிணறும் வடியும். நாங்கள் குடித்த தண்ணீர் கடலின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அதாவது எங்களுக்குக் கீழேயும் கடல்தான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "குத்தாலத்துல வெள்ளம் வந்தா மேல ஏறுவோம். இங்கன தண்ணி வந்தா எங்க ஏறுவிய?"

"தண்ணி எதுக்கு வருது? இத்தன வருஷமா ஆளுவ இருக்கத்தான செய்யுதாவ?" என்றார். ஆனால் அவரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

கோமதி ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள். அவளை எர்னெஸ்தீன் பார்த்துக்கொண்டாள். எர்னெஸ்தீன் தேங்காய் உரிக்கும் வேலைக்காரி. கல்யாணமாகாதவள், என் வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வாலின் நுனியில் ஓலை வீடு போட்டு, கோழி வளர்த்து, மீன் உப்புப்போட்டுப் பிழைத்தார்கள். வேலை முடிந்ததும் எர்னெஸ்தீன் அவர்களைப் பார்க்கப் போவாள். கோமதி பின்னாலேயே ஓடுவாள். திரும்பி வரும்போது வாய் நிறைய இந்த ஊர்க்காரர்களின் கிரியோல் பாஷை பேசிக்கொண்டு வருவாள்.

அந்தப் பாஷையில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் கோமதியின் தமிழிலும் எல்லாரும் 'அது' ஆகிவிட்டார்கள். "அப்பா சாப்பிட வருது" என்பாள். "வாராங்கன்னு சொல்லு" என்று திருத்துவேன். "அதுதான் சொன்னேன், வருது" என்பாள். எனக்கோ அவள் பேசும் பாஷை கடைசிவரை காதில் சரியாக விழவில்லை. பாதிச் சொல் ஒன்று போலவே கேட்கும். அது பெரிய விஷயமாக அப்போது தெரியவில்லை.

4

அன்றைக்குக் காலையில் பறவைகள் இல்லை. எப்போதும் கூச்சலாகக் கிடக்கும் தீவு அது. வானம் பித்தளைப் பாத்திரம் மாதிரி இருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். உள்கடல் வடியவேண்டிய நேரத்தில் கரைமேல் ஏறி வந்துகொண்டிருப்பதைச் சன்னல் வழியே பார்த்தேன்.

கூலியாட்களின் தலைவர் லூயி ஓடிவந்தார். வயதானாலும் திடமான ஆள். "அமாரே! அமாரே!" என்று கத்தினார்.

'லமாரே' என்றால் கடல் ஏற்றம். எனக்கு அதுதான் காதில் விழுந்தது. கடல் ஏறுகிறது என்கிறார் என்று நினைத்தேன். கோமதி அந்நேரம் உள்கடலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பாள். கரண்டியைப் போட்டுவிட்டு உள்கடலை நோக்கி ஓடினேன். காற்று என்னைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. கரையில் கோமதி இல்லை. படகுகளும் இல்லை. தண்ணீர் தொடைவரை ஏறியது. "கோமதி, கோமதி" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

லூயி பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். அவர் விடவில்லை. மணல் திட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தென்னையோடு என்னைச் சேர்த்துக் கயிற்றால் சுற்றினார். அப்போதுதான் விளங்கியது. அமாரே என்றால் கட்டு. கட்டிக்கொள்ளுங்கள் என்று கத்தியிருக்கிறார்.

கடையின் கூரைத் தகடு பிய்ந்து பறந்தது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் தவழ்ந்து வந்தார். நெற்றியில் ரத்தம். என் பக்கத்தில் வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, என் காதில் வாயை வைத்துக் கேட்டார்.

"கோமதி எங்கட்டி?"

"ஒங்ககூட இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதற்குள் லூயி அவரையும் சேர்த்து இறுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காற்று என்று சொல்கிறோமே, அது காற்றில்லை. ஒரு கெட்டியான சாமான். வாயைத் திறந்தால் உள்ளே புகுந்து மூச்சை அடைக்கிறது. தண்ணீர் இடுப்புக்கு வரும், வடியும், மறுபடி நெஞ்சுக்கு வரும். தண்ணீரில் கதவு போனது. ஆடு ஒன்று போனது. தென்னை மரம் வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தது. அதோடு சேர்ந்து நாங்களும். நான் சாமி கும்பிடவில்லை. கோமதி என்ற பெயரைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. சங்கரன்கோவில் அம்மன் பெயரும் அதுதான் என்பது அப்போது நினைவில் இல்லை.

திடீரென்று எல்லாம் நின்றது. வெயில் அடித்தது. எங்கிருந்தோ பறவைகள் வந்து தொப்புத் தொப்பென்று மணலில் விழுந்து, பறக்கத் திராணியில்லாமல் உட்கார்ந்திருந்தன. நான் கயிற்றைப் பிய்க்கத் தொடங்கினேன். லூயி கைகளை ஆட்டிக் கத்தினார்.

"என்ன சொல்லுதாரு?" என்றேன்.

"முடியலையாம். திரும்ப வருமாம். இந்தத் தடவ எதிர்ப்பக்கத்துலேர்ந்து வருமாம். அவுக்கக் கூடாதுங்காரு."

"வரட்டும். எம் புள்ள எங்கன இருக்கான்னு பாக்காம நான் நிக்கமாட்டேன்."

என் வீட்டுக்காரர் குனிந்து பல்லால் முடிச்சை அவிழ்த்தார். வால் பக்கம் ஓடினோம். ஓடினோம் என்பது பேச்சுக்கு. முட்டளவுத் தண்ணீரில், விழுந்த மரங்களுக்கு மேலே ஏறி ஏறி இறங்கினோம். எனக்கு வலது பக்கமும் கடல், இடது பக்கமும் கடல். இரண்டும் எந்த நேரமும் கைகோத்துக்கொள்ளும் போல இருந்தது.

உடம்பும் வாலும் சேரும் கழுத்துப் பகுதியில் ஒரு மரத்தில் அவர்களைக் கண்டோம். கோமதி மரத்தில் முதுகு பட, உயரத் தூக்கிக் கட்டியபடி இருந்தாள். அவளை மூடிக்கொண்டு எர்னெஸ்தீன். இரண்டு பேரையும் ஒரே கயிறு சுற்றியிருந்தது. அலை வாரி அடித்த பவளக் கற்கள் எர்னெஸ்தீன் முதுகைக் கிழித்திருந்தன. அவள் தோளுக்கு மேல் கோமதியின் கண்கள் மட்டும் தெரிந்தன. திறந்தபடி, அசையாமல் இருந்தன. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்தக் கண்கள் மெல்ல என் பக்கம் திரும்பின.

"அவுக்காத, அம்மா. எர்னெஸ்தீன் வேண்டாம்னு சொல்லுது" என்றாள்.

அவள் பேசியது கேட்டதும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர்தான் சுதாரித்துக்கொண்டு, அவர்களை மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார். கயிறு நாலு பேருக்குப் போதவில்லை. நான் சேலையை உருவிக் கொடுத்தேன். அவர் வேட்டியை முறுக்கினார். கடைசி முடிச்சைப் போடும்போதே வடமேற்கில் அந்தச் சத்தம் தொடங்கியது.

வடக்கே பார்த்தேன். வால் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

5

மறுநாள் வெயில் வந்தபோது கிணறு உப்பாகியிருந்தது. விழுந்த இளநீரையும், தகட்டில் பிடித்த மழையையும் குடித்து, கப்பல் வரும்வரை உயிரோடு இருந்தோம். ஒவ்வொரு சாயங்காலமும் எர்னெஸ்தீன் கழுத்துப் பகுதிக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். கோமதி அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள். நான் கூப்பிட்டால் வருவதில்லை.

அந்தக் கயிறு எதற்கென்று அவர்தான் லூயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். காலையில் எர்னெஸ்தீன் கயிற்றை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவை அழைத்துவரத்தான் போயிருக்கிறாள். கழுத்தைத் தாண்டியவள் திரும்பிப் பார்த்தால், பின்னால் கோமதி. யாரிடமும் சொல்லாமல் வழக்கம்போல ஓடிவந்திருக்கிறாள். குழந்தைக்காகத் திரும்பினாள். அதற்குள் அலை கழுத்தைக் குறுக்கே தாண்டிவிட்டது.

இதை அவர் சொல்லி முடித்ததும் எனக்கு எர்னெஸ்தீன் முகத்தைப் பார்க்கப் பயம் வந்துவிட்டது. புயலுக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். அவள் ஒரு நாள் என்னிடம் வந்து கேட்பாள் என்று நினைத்தேன். என்ன கேட்பாள், நான் என்ன கொடுக்கமுடியும்? என் பிள்ளையைத் தவிர அவளுக்கு ஈடாக என்னிடம் என்ன இருக்கிறது? இளநீர் வெட்டிக் கொடுத்தால் வாங்கிக் குடிப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

மாஹேக்கு வந்ததும் அதிகாரிகள் விசாரித்தார்கள். எர்னெஸ்தீனின் பெற்றோர் இறந்தார்கள் என்று எழுத மறுத்தார்கள். உடல் கிடைக்கவில்லையே. 'காணவில்லை' என்றுதான் எழுதமுடியுமாம். குடியிருந்த இடத்தைக் காட்டச் சொன்னார் ஓர் அதிகாரி. எர்னெஸ்தீன் மேசைமேல் இருந்த தீவுப் படத்தில் வாலின் நுனியில் விரலை வைத்தாள். "இங்கே போய்த் தேடினீர்களா?" என்று அவர் கேட்டார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

6

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தோம். சிவகாமி அக்கா தென்காசி ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டு, "என்னட்டி, பாதியாப் போயிட்ட?" என்றாள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நல்ல சாரல் சமயம். குடும்பத்தோடு குற்றாலம் போனோம். ஐந்தருவிப் பக்கம் கூட்டம் என்று மெயினருவிக்கே போனோம். உடம்பில் எண்ணெய் பளபளக்க ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பஜாரைத் தாண்டும்போதே அந்த இரைச்சல் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட இரைச்சல். அதைக் கேட்டால் குளிக்கப்போகும் குஷி வரவேண்டும். எனக்கு அந்தப் புயல்தான் கேட்டது. கோமதி நின்றுவிட்டாள். என் முந்தானையை இழுத்துத் தன் பாவாடை நாடாவோடு சேர்த்து முடிச்சுப் போடத் தொடங்கினாள். விரல்கள் பதறாமல், பெரிய மனுஷி மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக முடிச்சுகள்.

"ஏட்டி, இந்தப் புள்ளைக்கு என்ன வந்துது? அருவியப் பாத்தா பயப்படுதா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நாங்கள் குளிக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் ஏறியபிறகும் அந்த முடிச்சுகளை நான் அவிழ்க்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டாள்.

"கோமதிய இங்கன விட்டுட்டுப் போ. ஒழுங்காத் தமிழ் பேசப் படிக்கட்டும். என்னைய அதுங்கா, ஒங்க அத்தான அதுங்கா. அது பெரியம்மா, அது பெரியப்பா. நாலு பேரு என்ன நெனைப்பாவ?"

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அங்கன என்ன வச்சிருக்க? இங்கன புள்ளைக்கு என்ன பயம்?"

அக்கா சொன்னது அத்தனையும் நியாயம். தரை கெட்டி. மலை பக்கத்தில். கோமதி ஊரில் இருந்தால் பத்திரமாக இருப்பாள். நான்தான் மாஹேயில் இருந்துகொண்டு, காற்று திரும்பும்போதெல்லாம் மரத்தில் கட்டிப்போட்டவள் மாதிரி "கோமதி எங்கே, கோமதி எங்கே" என்று கிடப்பேன். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்க என் உடம்பில் தெம்பில்லை. அக்காவிடம் இதைச் சொல்லாமல், "அவ அப்பா விடமாட்டேங்காரு" என்று அவர்மேல் பழியைப் போட்டேன். அவர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

7

நேற்று எர்னெஸ்தீன் வீட்டுக்கு வந்தாள். இப்போது மாஹேயில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு கோமதியைப் பார்க்க வருவாள். நேற்று வேலை நாள். கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: கேட்க வந்திருக்கிறாள்.

உட்காரச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே பேசினாள். இப்போது எனக்கு அவள் பாஷை நன்றாக விளங்குகிறது.

"நவம்பர் தொடக்கத்தில் எங்களுக்கு இறந்தவர்களின் நாள். கல்லறையில் பூ வைப்போம். இந்த வருஷம் பாதிரியார் தெற்கே போகிறார். நானும் போகிறேன்."

"சரி."

"எனக்குக் கோமதி வேண்டும்."

"எதற்கு?" என்றேன்.

"கல்லறை இல்லை. எந்த இடத்தில் பூவைப் போடுவது என்று எனக்குத் தெரியாது. கடலைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றாக இருக்கிறது." கையால் தன் முதுகைத் தொட்டாள். "அன்றைக்கு என் முதுகு வீட்டுப் பக்கம் இருந்தது. அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. வீடு எங்கே போனது என்று பார்த்தவள் அவள் மட்டும்தான். ஒரு நாளும் அவளிடம் நான் கேட்டதில்லை. அவள் பயந்துவிடக்கூடாதே என்று கேட்கவில்லை."

சமையலறை வாசலில் கோமதி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எனக்குத் தெரியும். நான் காட்டுதேன்" என்றாள் தமிழில். பிறகு அதையே எர்னெஸ்தீனின் பாஷையில் சொன்னாள். எர்னெஸ்தீன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் அழுதாள். அந்தத் தீவில் கப்பலுக்காகக் காத்திருந்த வாரங்களில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர், இப்போது வேலை பார்க்கும் மாஹே கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நவம்பர்ல காத்து திரும்புத நேரமாச்சே" என்றார்.

"தெரியும்."

"புள்ளைய அனுப்பிட்டு நீ இங்கன இருந்துருவியா?"

"நான் எதுக்கு இங்கன இருக்கேன்? நானும் போறேன்."

அவர் என்னையே பார்த்தார். கப்பல் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவளைத்தான் நினைத்திருப்பார். "ஒனக்குப் பயமா இல்லையாட்டி?" என்றார்.

"கையத் தொட்டுப் பாருங்க" என்று நீட்டினேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் மூன்று பேருக்கும் கப்பலில் இடம் கேட்க மறுநாள் காலையிலேயே துறைமுகத்துக்குப் போவதாகச் சொன்னார்.